வானத்தைத் தூக்கிய தறி

ஐந்தரைக்கு எழுந்தான். படுக்கையைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்தான். பல் தேய்த்தான். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பும்வரை நின்றான். குளித்தான். முந்தின நாள் சட்டையை முகர்ந்து பார்த்து, இன்னொரு நாள் தாங்கும் என்று அதையே மாட்டிக்கொண்டான். ஆறு பத்துக்குத் தறிக்கூடத்தின் ஷட்டரைத் தூக்கினான். பஞ்சுத் தூசியைப் பெருக்கினான். ஜன்னல்களைத் திறந்தான். லேப்டாப்பைப் போட்டான். அது கண் விழிக்க ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு மாதமாக இதே வரிசைதான். அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷினை ஏற்றிக்கொண்டு போக வேன் வரும்.

அந்த வீட்டில் அவனுக்கு ஒரே பெயர், மாப்பிள்ளை. தெருவிலும் அதுதான். அவன் கட்டிக்கொண்ட மூத்தவள் எட்டு மாதத்துக்கு முன் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் போகவில்லை. பெண்டாட்டி இல்லாத மாப்பிள்ளை.

மெஷின் என்பது தறியின் தலைமேல் உட்கார்ந்திருந்த சாம்பல் நிறப் பெட்டி. அதற்கு முன் அதே இடத்தில் பழைய ஜக்கார்டு பெட்டி இருந்தது. எந்தெந்த இழை மேலே போக வேண்டும் என்று அதற்கு ஓட்டை போட்ட அட்டைகள் சொல்லும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒரு தடவை போய்வர ஓர் அட்டை. புதுப் பெட்டிக்கு அட்டை வேண்டாம். லேப்டாப் சொன்னால் கேட்டுக்கொள்ளும். ஆனால் இழையைத் தூக்குவது அப்போதும் இப்போதும் நெய்கிறவளின் கால்தான்.

காலேஜ் ஆய்வுக்கூடம் அதை ஒரு மாதத்துக்கு இரவல் கொடுத்திருந்தது. மாதம் முடிவதற்குள் ஒரு சாண் துணி பழுதில்லாமல் நெய்து காட்டினால் ஒரு வருஷம் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் வேன், வேறு ஊர், வேறு தறி.

இருபத்தொன்பது நாளை ஆயிரத்து இருநூறு கொக்கிகளுக்குக் கயிறு கட்டியே கரைத்தாகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம்தான் கடைசி முடிச்சு விழுந்தது. மிச்சம் ஒரே நாள்.

ஏழரைக்குப் பட்டாசு வந்தாள். மூத்தவளின் தங்கை. வாயைத் திறந்தால் ஓயாது என்பதால் ஐந்து வயதில் வந்த பெயர். முப்பது வயதிலும் ஓயவில்லை. அந்தத் தெருவில் அவளைப்போல் சீராகத் தறி மிதிக்க ஆள் கிடையாது.

“என்னத்தான், சுவரு என்ன சொல்லுது?”

“ஒண்ணுமில்ல.”

“ஒரு வார்த்தைக்கு மேல பேசினா அபராதம் போடுறாங்களா?”

“இல்ல.”

“இதோ, மறுபடியும் ஒண்ணு. மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறீங்க, மூட்டை கட்டியா விக்கப் போறீங்க?”

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதற்கே அவள் பெரிய வெற்றிபோலத் தலையை ஆட்டிக்கொண்டு தறியில் ஏறி உட்கார்ந்தாள்.

லேப்டாப் திரையில் மூத்தவளின் படம் விரிந்தது. கட்டம் போட்ட தாளில் அவள் பென்சிலால் வரைந்து வண்ணம் தீட்டியதை அவன் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்டியிருந்தான். கருநீல அந்தி. அதில் கூடு திரும்பும் வெள்ளைப் பறவைகள். இருநூற்றுப் பதினான்கு. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

சிக்கலே அதுதான். ஒரே பறவையைத் திரும்பத் திரும்ப வைத்தால் கொஞ்சம் அட்டை போதும். ஒவ்வொன்றும் வேறு வேறு என்றால் ஆறாயிரத்து முந்நூறு அட்டை. மூன்று வருஷத்துக்கு முன் அவள் தாளைச் சுருட்டிக்கொண்டு அப்பாவிடம் போனாள். அப்பா அட்டைக்காரர். தெருவிலுள்ள தறிகளுக்கெல்லாம் அட்டை அடித்துக் கொடுப்பவர். எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஆறாயிரத்து முந்நூறா? இதைத் தொங்கவிட ஆகாசத்துலதான் ஆணி அடிக்கணும். போம்மா, போய் நாலு மாங்காய் வரைஞ்சு கொண்டா.”

அவள் திரும்பி வந்தாள். தாளை அலமாரி மேல் போட்டாள். அதோடு சரி.

அப்படிப்பட்டவர் தன் கையாலேயே பழைய பெட்டியைக் கழற்றி இறக்கிப் புதுசுக்கு இடம் விட்டாரே, எப்படி? மெஷின் வருவதற்கு முன் மாப்பிள்ளை மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் முடியாது என்றார். நான்காம் தடவை அவன் கேட்கவில்லை. ஒரே வாக்கியம் சொன்னான்.

“அவ கடைசியா சொன்னது இதுதான் மாமா. அந்தப் பறவைத் துணியை நெய்யணும்னு.”

மறுநாள் காலையில் அவர் ஏணியைச் சாத்திக்கொண்டு நின்றார். பெட்டியை இறக்கியவர் அதற்கப்புறம் கூடத்துக்குள் காலடி வைக்கவில்லை.

அவன் சொன்னது பொய். அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஒன்பது மணிக்குப் பட்டாசு மிதியில் காலை வைத்தாள்.

“போடவா?”

“போடு.”

பெட்டி ‘டக்’ என்றது. நூற்றுக்கணக்கான சின்ன நாக்குகள் ஒரே சமயத்தில் மடங்கும் சத்தம். அவள் மிதித்தாள். மிதி அரை சாண் இறங்கி நின்றது.

“என்னத்தான் இது, கல்லு மாதிரி இருக்கு?”

“அழுத்து.”

இரண்டு காலையும் வைத்து எழுந்து நின்றே அழுத்தினாள். நெடுக்கு இழைகளான பாவு மொத்தமாகக் கிறீச்சிட்டபடி மேலே ஏறியது. நாடாவை விட்டாள். ஒரு ஊடை, குறுக்கே ஓர் இழை. இரண்டு. மூன்றாவதில் இழை ஒன்று அறுந்தது. அது பக்கத்து இழையை இழுத்தது. அது அடுத்ததை. மழைத் துளி தகரத்தில் விழுவதுபோல் பட், பட், பட் என்று அறுந்துகொண்டே போயிற்று.

“நிறுத்து! காலை எடு!”

எடுத்தாள். எண்ணிப் பார்த்தார்கள். அறுபத்தொன்று.

இன்ஜினியருக்குப் போன் செய்தான். மெஷினைக் கொண்டுவந்து மாட்டியவள் அவள்தான். சின்ன வயதுக்காரி, ஸ்கூட்டரில் வருவாள்.

“மெஷின்ல கோளாறு இருக்காது சார். இங்க மில்லு தறியில மாட்டி ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்பினோம். அங்க பூவா ஓடுச்சு.”

“இங்க ஓடலை.”

“ஒருவேளை கைத்தறிக்கு இது தாங்காதோ என்னமோ.” கொஞ்சம் தயங்கினாள். “வேனை மாத்தச் சொல்ல முடியாது சார். நாலரைக்கு வந்துடுறேன்.”

போனை வைத்தான். தறி ஓடமாட்டேன் என்று நின்றுவிட்டது. வேன் வரும். மறுபடியும் அந்தத் தாள் அலமாரி மேல் போகும். இவ்வளவையும் யாருக்கோ நடப்பதுபோலத்தான் நினைத்தான். அவனுக்கே அது புரிந்தது.

பட்டாசு அதற்குள் தரையில் மல்லாந்து, பாவுக்கு அடியில் தலையை விட்டிருந்தாள். அறுந்த நுனிகளைத் தேடிக்கொண்டே வாய் ஓடியது.

“பெட்டியில ஏதோ பேய் பிடிச்சிருக்கு அத்தான். நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்? அக்கா வரைஞ்சது மூக்கு நுனியளவு பறவை. அதைத் தூக்குடான்னா, சுத்தியிருக்கிற வானத்தை மொத்தமா தூக்குது. நான் என்ன பயில்வானா, வானத்தைத் தூக்க?”

அவன் கை நின்றது.

“என்ன சொன்ன?”

“பயில்வானான்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“பறவையைத் தூக்கச் சொன்னா வானத்தைத் தூக்குதுன்னேன். ஏன், தப்பா?”

அவள் பக்கத்தில் முழங்காலிட்டுக் குனிந்து தறிக்கு அடியில் பார்த்தான். அங்கே தரையில் பழைய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சாய்ந்து கிடந்தது. எப்போதும் கிடப்பதுதான். அந்தத் தெருவில் துணியின் முகம் கீழே பார்க்கும். நெய்கிறவள் கண்ணுக்குத் தெரிவது முதுகு. முகத்தைப் பார்க்கத்தான் கண்ணாடி. அப்படி நெய்தால் பறவை விழுகிற இடத்து இழைகளை மட்டும் தூக்கினால் போதும். ஒரு பெண்ணின் கால் தாங்கும்.

மில்லில் துணி மல்லாந்து கிடக்கும். முகம் மேலே. அங்கே பறவையைக் கீழே விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் தூக்க வேண்டும். தூக்கட்டுமே, மோட்டாருக்குக் கால் வலிக்கப் போகிறதா?

லேப்டாப்புக்கு ஓடினான். ஓடினான் என்பது சரிதான். எட்டு மாதத்தில் அவன் ஓடி அவள் பார்த்ததில்லை.

திரையின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு கட்டம். ‘முகம் மேலே.’ அதில் ஒரு சரிக்குறி. மில்லிலிருந்து வந்தபோதே போட்டிருந்தது. இருபத்தொன்பது நாளாக அதை அவன் பார்த்திருக்கிறான். துணிக்கு முகம் மேலே இருப்பதில் என்ன தப்பு என்று விட்டிருக்கிறான். படித்தவன். தறியில் உட்கார்ந்ததில்லை.

குறியை எடுத்தான்.

“ஒரே ஒரு தடவை மிதி. நாடா விடாத. சும்மா மிதி.”

அவள் எழுந்து போய், பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு மிதித்தாள். மிதி சட்டென்று அடிவரை போக, நிலை தடுமாறிப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ! வெண்ணெய்! வெண்ணெய் அத்தான்!”

மேலே நூறு இழைகூட ஏறியிருக்காது. அங்கங்கே கொத்துக் கொத்தாக. பறவைகள் இருக்க வேண்டிய இடங்களில் மட்டும்.

“ஒரு டிக்கா? அறுபத்தோரு இழையை அறுத்தது ஒரு டிக்கா?”

“ஆமா.”

“காலேஜுல நாலு வருஷம் என்னத்தைத்தான் படிச்சீங்க?”

“துணிக்கு முதுகு உண்டுன்னு சொல்லித் தரலை.”

அவள் அப்படியே வாயைப் பிளந்து அவனைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் ஒரே மூச்சில் பேசியது ஐந்து வார்த்தை என்று விரல் விட்டுக் காட்டிச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு வழியாக, துருப்பிடித்த குழாயில் தண்ணீர் வருவதுபோல் வந்தது.

மணி பத்தே முக்கால். அறுபத்தோரு இழையையும் தேடிப் பிடித்து, கயிற்றுக் கண்ணில் கோர்த்து, முடிச்சுப் போட வேண்டும். இரண்டு பேர் கை. மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்கப்புறம் ஒரு சாண் நெய்ய இரண்டரை மணி நேரம். கணக்கு நூலிழையில் நின்றது.

பேச்சு நின்றது. பட்டாசுகூட வாயை மூடிக்கொண்டாள். மதியம் சாப்பிட எழுந்திருக்கவில்லை. முடிச்சு, அடுத்தது, முடிச்சு, அடுத்தது. இருபத்தெட்டாவது இழையில் வாசல் இருண்டது.

அட்டைக்காரர் நின்றார்.

“காலையில என்ன ரெண்டு பேரும் சிரிச்சீங்க?”

பட்டாசு கையிலிருந்த முடிச்சை இறுக்கினாள்.

“முற்றத்துக்குக் கேட்டுச்சு. அதான் வந்தேன்.” அறுந்த நுனிகளைப் பார்த்தார். “தள்ளு. அந்த ஓரத்துல நான் கட்டுறேன்.”

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். மூன்று பேர் கை ஆயிற்று.

ஒன்றே முக்காலுக்கு மூன்றாம் தடவையாகப் பட்டாசு மிதியில் காலை வைத்தாள்.

டக். மிதி. நாடா. அடி. டக். மிதி. நாடா. அடி.

பத்து ஊடை அறுபடாமல் போயிற்று. இருபது. ஐம்பதில் அவள் கால் தாளத்தைப் பிடித்துவிட்டது. பிறகு யாரும் எண்ணவில்லை. மேலே தெரிந்ததெல்லாம் நீலத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைப் பிசிறுகள். முதுகு அப்படித்தான் இருக்கும்.

“கண்ணாடியில ஏதாவது தெரியுதா?” நாடாவை விட்டபடியே கேட்டாள்.

“ரசம் போயிருக்கு. மசமசன்னு இருக்கு,” என்றான்.

அட்டைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். அறுபத்திரண்டு வயது. தரையில் உட்கார்ந்தார், மல்லாந்து படுத்தார், முதுகாலேயே நகர்ந்து நகர்ந்து ஓடும் தறிக்கு அடியில் போய்விட்டார். வெளியே இரண்டு பாதம் மட்டும்.

“அப்பா! மிதி இடிச்சிடப் போவுது! வெளிய வாங்க!”

“நீ நெய்யி.”

“மூஞ்சியில தூசி விழும்!”

“விழட்டும். நெய்யின்னா நெய்யி.”

நெய்தாள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு.

“மாப்ளே.”

“சொல்லுங்க மாமா.”

“ஒண்ணு றெக்கையை மடக்கியிருக்கு.”

“ம்.”

“பக்கத்துல இருக்கிறது இறங்கப் போவுது. காலை நீட்டியிருக்கு.” மூச்சு வாங்கினார். “காலுக்கு நகம் போட்டிருக்கா மாப்ளே. நகம்! ஒத்த இழையில!”

அவன் தரையில் படுத்தான். அவனும் தலையை உள்ளே விட்டான். கருநீலத்தில் வெள்ளை பளீரென்று தெரிந்தது. நான்கு பறவைகள் முழுசாக, ஐந்தாவதுக்குக் கழுத்து மட்டும் வந்திருந்தது. தலை இன்னும் வரவில்லை. மேலே பட்டாசு மிதிக்க மிதிக்க, கழுத்து நீண்டது. கண் வந்தது. அலகு திறந்தது.

திரையில் ஆயிரம் தடவை பார்த்த பறவைதான். ஆனால் திரையில் அது இப்படி வந்ததில்லை. மார்புக்குள் ஏதோ ஒன்று தட்டியது. பசியா, பயமா என்று முதலில் புரியவில்லை. சந்தோஷம். அதை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ரெண்டு பேரும் கீழ படுத்துக்கிட்டு ரசிங்க. நான் ஒருத்தி மாடு மாதிரி மிதிக்கிறேன். எனக்கு எப்ப காட்டுவீங்க?”

“நீ மிதிச்சாத்தானே அது பறக்கும்,” என்று கீழேயிருந்து அப்பா கத்தினார்.

நாலு இருபத்தைந்துக்கு இன்ஜினியர் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். தறி ஓடும் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றாள். பிறகு தரையில் நான்கு கால்களைப் பார்த்தாள்.

“சார்? என்ன ஆச்சு?”

“கீழ வந்து பாருங்க,” என்றான்.

அவளும் படுத்தாள். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தாள்.

நாலு ஐம்பதுக்கு அளந்தார்கள். ஒரு சாண், இரண்டு விரல். ஓர் இழைகூட அறுபடவில்லை. ஒன்பது பறவைகள். இன்ஜினியர் வேன்காரனுக்குப் போன் செய்து திரும்பிப் போகச் சொன்னாள். பட்டாசு தறியை விட்டு இறங்கி, தறிக்கு அடியில் குனிந்து அக்காவின் பறவைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினாள்.

“மில்லுல ஓடுற மெஷினு, கைத்தறியில, கால் மிதியில! இந்தத் துணியை எங்க ஆய்வுக்கூடத்து வாசல்லயே மாட்டப் போறோம்.” இன்ஜினியர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். “ஒரு வருஷத்துக்கு மெஷின் உங்களுக்கு. வீட்டுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் வேணும்.”

அட்டைக்காரர் பேனாவை வாங்கிக்கொண்டார். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் பஞ்சு.

“துணிக்குப் பக்கத்துல ஒரு பலகை வைப்போம்,” என்றாள் இன்ஜினியர். “வரைஞ்சவங்களைப் பத்தி நாலு வரி. என்ன எழுதலாம் ஐயா?”

“எழுதிக்கம்மா.” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எம் பொண்ணு என்கிட்ட கொண்டுவந்து நீட்டினா. நான் சிரிச்சு அனுப்பிட்டேன். அவ அப்பவும் இதை விடலை. உசுரு போற நேரத்துலயும் இந்தத் துணியை நெய்யணும்னுதான் சொன்னா. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் பெட்டியை இறக்கினேன்.” மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க மாப்ளே. அச்சுல வரப் போவுது. ஒரு எழுத்து மாறக்கூடாது.”

இன்ஜினியரின் கட்டைவிரல் போனின்மேல் தயாராக நின்றது.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். முன்பே ஒரு தடவை சொன்னதுதான். பேனா காகிதத்துக்கு ஒரு விரல் மேலே இருந்தது.

ஆனால் அவள் கெஞ்சியவள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அலமாரியில் கிடந்த தாளைப் பற்றி ஒரு நாள்கூட முனகியவள் இல்லை. சாகிற நேரத்தில் அப்பாவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் போனவள் என்று ஊர் வந்து படித்துவிட்டுப் போகும். அந்தப் பறவைகளுக்குப் பக்கத்தில் அவள் வாயில் அவன் வைத்த வார்த்தை நிற்கும்.

“அவ அப்படிச் சொல்லலை மாமா.”

“என்ன?”

“துணியைப் பத்தி அவ ஒண்ணுமே சொல்லலை. நான்தான் சொன்னேன். மெஷினு உள்ள வரணும்னு.”

பட்டாசு மெல்ல நிமிர்ந்தாள். இன்ஜினியர் போனைத் தாழ்த்தினாள்.

அட்டைக்காரர் அசையவில்லை. மாப்பிள்ளையையே பார்த்தார். பார்வை இறங்கி, தறியில் இருந்த நீலத்தில் நின்றது. பிறகு கையிலிருந்த பேனாவுக்கு வந்தது. அதை அவர் கீழே வைக்கவுமில்லை, காகிதத்தில் பதிக்கவுமில்லை.

“ஒரு மாசமா,” என்றார், “தெனமும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் படுத்தேன்.”

“தெரியும் மாமா.”

“அப்ப நெசமா என்னதான் சொன்னா எம் பொண்ணு?”

அவன் ஆஸ்பத்திரி அறையை நினைத்தான். காலை ஆறே கால். கீழே போய்க் காகிதக் கோப்பையில் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அவள் கண்ணைத் திறந்து, கோப்பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அந்த எட்டு மாதத்தில் யாரிடமும் சொல்லாததை, ஒரு எழுத்து மாறாமல் சொன்னான்.

“‘டீயை ஆறவிட்டுக் குடிங்க. நேத்து மாதிரி நாக்கைச் சுட்டுக்கிட்டு வந்து என்கிட்ட நீட்டிக் காட்டாதீங்க.’”